மலையேறி வரும் தொண்டரிடம் ஊர் கேட்க வேண்டியது

இரண்டு வாரத் தொண்டுப் பயணம் இன்று உலகச் சந்தையில் விலைப்பட்டியலோடு கிடைக்கிறது. காத்மாண்டு, பெரு நாட்டின் கூஸ்கோ, இமாசலத்தின் தர்மசாலா என்று மலை நகரங்களுக்குத்தான் கிராக்கி அதிகம். குளிர், பனிச்சிகரம், வறுமை மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் இருக்கலாம். விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கல். வாரநாள்களில் பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணமடிப்பது, ஆங்கிலம் சொல்லித்தருவது, மரக்கன்று நடுவது. சனி, ஞாயிறு மலையேற்றம். கூஸ்கோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து நேரே போய் இறங்குபவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் தலைவலியிலும் மூச்சிரைப்பிலும் கோகா இலைத் தேநீரிலும் போய்விடும். வார இறுதிகளையும் கழித்தால் வேலைக்கென்று மிஞ்சுவது ஏழெட்டு நாள்.

அந்த ஏழெட்டு நாளில், அந்த ஊர் தன்னால் செய்துகொள்ள முடியாதது எதைச் செய்து கொடுக்கிறார்கள்? கட்டணம் வாங்கும் நிறுவனம் இதைக் கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் நடக்காது. கட்டணம் கட்டுபவரும் கேட்பதில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற நிறைவு அவருக்குப் போதும். கேட்க வேண்டியது ஊர்தான். ஆனால், ஊருக்கு அந்த உரிமை இருக்கிறது என்பதே பல இடங்களில் யாருக்கும் தோன்றுவதில்லை.

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் எங்கள் பழவேற்காடு ஏரிக்கரை வருகிறது. பெயருக்குக்கூட ஒரு குன்று கிடையாது. ஏரியில் வந்து விழும் ஆரணியாறும் காளங்கியும் மேற்கே ஆந்திர மலைகளில் பிறக்கின்றன என்பதைத் தவிர நமக்கும் மலைக்கும் சொந்தம் இல்லை. மலை நகரத்துத் தொண்டரைப் பற்றிப் பேச இந்தக் கரைக்காரருக்கு என்ன பாத்தியதை என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் கிடைத்த பாத்தியதை அது.

அந்த மாதங்களில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வேன்களுக்கும் லாரிகளுக்கும் கணக்கில்லை. ஒரே நிறத்தில் சட்டை போட்ட இளைஞர்கள், பல நாட்டு முகங்கள், பதாகைகள். மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்தது. கடலோர வெயிலில் யாரும் போட முடியாத கம்பளிச் சட்டைகள் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் குவிந்து, மழையில் நனைந்து மட்கியதைப் படம் பிடித்துப் போடாத பத்திரிகை இல்லை. துணியாவது மட்கிப்போனது. படகு அப்படி இல்லை. கண்ணாடியிழைப் படகுகளைத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. கொடுப்பதற்கு எளிது, படமெடுக்கவும் தோது, நன்கொடையாளர் பெயரை முகப்பில் எழுத இடமும் உண்டு. கட்டுமரம் ஒதுங்கியது. படகு கூடியது, மீன் கூடவில்லை. எண்ணெய்ச் செலவும் வலைச் செலவும் கடனாக வீட்டுக்குள் வந்தன. கொடுத்தவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. எத்தனை படகு வேண்டும், யாருக்கு வேண்டும் என்று கரையில் உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

வந்தவரில் சிலர் தங்கினார்கள். கணக்கு வழக்கு பார்த்தார்கள். உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். உயிர் பிழைத்து உறக்கம் வராமல் கிடந்தவர்களிடம் மாதக்கணக்கில் பேசினார்கள். அவர்கள் பெயர் எந்தப் படகு முகப்பிலும் இல்லை.

மலை நகரங்களின் கதையில் படகுக்குப் பதிலாகக் குழந்தை வருகிறது. இதை எழுதவே கூசுகிறது. நேபாளத்தில் அனாதை இல்லங்களில் பெரும்பகுதி, வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா இருக்கும் காஸ்கி, சித்வன் என்ற ஐந்து மாவட்டங்களில் இருப்பதையும், அங்குள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதையும் யூனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று மலைக்கிராமப் பெற்றோரிடம் தரகர்கள் பிள்ளைகளை வாங்கி வந்தார்கள். பிள்ளை இருந்தால் தொண்டர் வருவார். தொண்டர் வந்தால் நன்கொடை வரும். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, மீட்புப் பணியோடு சேர்த்து ஒரு தடையையும் அந்த நாடு போட வேண்டி வந்தது. பெற்றோரின்றிப் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது என்பது அந்தத் தடை. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு, அழுது விடைபெற்றுப் போகும் அக்காவும் அண்ணனும் மாதம் இருமுறை மாறிக்கொண்டே இருந்தால் ஒரு ஐந்து வயதுக் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? யாரையும் நம்பக் கூடாது என்பதைத்தான்.

அதே நேபாளத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1960-61இல் ஷெர்பா மக்களிடம், உங்களுக்காக என்ன செய்யட்டும் என்று கேட்டார். பள்ளிக்கூடம் என்றார்கள். 1961இல் கும்ஜுங் கிராமத்தில் அலுமினியத் தகட்டுப் பள்ளி எழுந்தது. 1966இல் பக்கத்து ஊரான குண்டேயில் மருத்துவமனை. கட்டடம் எழுந்ததல்ல இங்கே விஷயம். கும்ஜுங்கில் படித்த பிள்ளைகளில் ஒருவர் சாகர்மாதா தேசியப் பூங்காவின் காப்பாளரானார். குண்டே மருத்துவமனையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஷெர்பா மருத்துவரே பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினார். வெளிநாட்டார் தேவைப்படாத நிலைக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. ஹிலாரியும் தவறுகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். கட்டுமானப் பொருள் இறக்க 1964இல் லூக்லாவில் அவர் போட்ட விமான ஓடுதளம் எவரெஸ்ட் சுற்றுலாவின் தலைவாசலாகிவிட்டது. விறகுக்காகக் காடு குறைந்தது. அதைக் கண்டு கவலைப்பட்ட அவரே அந்தத் தேசியப் பூங்கா அமையவும் துணைநின்றார். 1975இல் மனைவியையும் மகளையும் காத்மாண்டு விமான விபத்தில் பறிகொடுத்த பிறகும் அவர் அந்த மலைக்கு வருவதை நிறுத்தவில்லை.

இனி நம் மலைகளுக்கு வருவோம். கோடைக்கானலையே வெளிநாட்டார் தொண்டின் நகரம் என்று சொல்லிவிடலாம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித் தங்க வந்து உருவாக்கிய ஊர் அது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936இல் எழுப்பியதுதான் அங்குள்ள குறிஞ்சியாண்டவர் கோயில். வந்தவர்கள் கட்டியது நிறைய. நட்டதும் நிறைய. நட்டதில்தான் வம்பு.

பழனி மலையின் மேல்தட்டு என்பது சோலையும் புல்வெளியும். மடிப்புகளில் குள்ளமான, அடர்ந்த சோலைக்காடு, மேடுகளில் புல். மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாடு. வெள்ளைக்காரக் கண்ணுக்குப் புல்வெளி வெற்று நிலமாகத் தெரிந்தது. பிற்காலத்து வனத்துறைக் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியச் சீகையையும் தைல மரத்தையும் பைனையும் நட்டுத் தள்ளினார்கள். பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, நாற்பது ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டதாக 2018இல் வெளிவந்த செயற்கைக்கோள் பட ஆய்வு ஒன்று காட்டியது. இப்போது யோசித்துப் பாருங்கள்: பத்து நாளுக்கு வரும் தொண்டர் குழுவுக்கு மலையில் கொடுக்கப்படும் முதல் வேலை என்ன? மரக்கன்று நடுவது. எங்கே நடுவது? மரம் இல்லாத இடத்தில். அதாவது, மிச்சமிருக்கும் புல்வெளியில்.

ராபர்ட் ஸ்டுவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் 1980களில் பிரிட்டனிலிருந்து கோடைக்கானலுக்கு வந்து, அருகிலுள்ள வட்டக்கானலில் தங்கிவிட்டார்கள். தாவரவியல் பட்டத்தோடு வந்தவர்கள் அல்லர். சோலைக்குள் நடந்து நடந்து, எந்த மரம் எப்போது காய்க்கிறது, எந்த விதை முளைக்க எத்தனை மாதம் ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சோலை மரங்களுக்கென்றே நாற்றங்கால் போட்டார்கள். சோலை விதை லேசில் முளைக்காது. முளைத்தாலும் வேகமாக வளராது. சவுக்குத் தோப்பு போடுகிறவர் கணக்கில் அது வேலையே இல்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை உருவாக்கினார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாம்பார் சோலையில் என்னென்ன அரிய செடிகள் இருக்கின்றன என்று பதிவு செய்தார்கள்.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது நட்டது அல்ல, நடுவதை நிறுத்தச் சொன்னது. அந்நிய மரங்களை வெட்டி எறிந்துவிட்டுச் சோலையை நட வேண்டும் என்பதுதான் எல்லோரையும் போல அவர்களுடைய தொடக்க கால எண்ணமும். ஆண்டுகள் போகப் போக, வயதான பைன், தைலத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதைக் கவனித்தார்கள். அந்தத் தோப்புகளை மொட்டையடித்தால் வெளிச்சம் பட்டுச் சீகை விதைதான் காடாகக் கிளம்பும், உள்ளே வளரும் சோலையும் போய்விடும். ஆகவே, பழைய தோப்புகளை அப்படியே விடுங்கள், புல்வெளிக்குள் புதிதாகப் புகும் சீகையை மட்டும் பிடுங்குங்கள், புல்லைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். இந்த ஞானம் இரண்டு வாரத்தில் வராது. இரண்டு வருடத்திலும் வராது. பழனி மலையில் குறிஞ்சி 1994இல் பூத்தது, 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அந்த மலையை ஒரு சுற்று பார்க்கவே பன்னிரண்டு ஆண்டு வேண்டும்.

கொல்லிமலைக்குப் போனால் இதைவிட நீண்ட தங்கல் ஒன்று உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதி முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு அங்கே குடியேறினார்கள். மதம் பரப்ப வந்தவர்கள். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை, அதில் உடன்பாடு இல்லாதவர்களும் ஏராளம். ஆனால், நரம்புச் சிலந்தி நோயால் காலில் புழு தொங்கத் தொங்க நடந்த மக்களுக்கு மருத்துவம் பார்த்ததும், குடிக்கும் கிணற்றுத் தண்ணீரில் யாரும் இறங்காதபடி செய்ததும் அவர்கள்தான். 1929இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். ஈவ்லினுக்கு எழுபது வயது நெருங்கியபோது மிஷன் நிர்வாகம், போதும், ஊருக்குத் திரும்புங்கள் என்றது. அவர் மிஷனை விட்டு விலகினார். மலையை விட்டு விலகவில்லை. பச்சைமலை, கல்வராயன், போதமலை என்று மட்டக்குதிரையிலும் டோலியிலும் ஏறி இறங்கிக்கொண்டே 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்தார். தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார். கொல்லிமலையில் வளர்ந்த அந்த மகன் வேறு யாருமல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட்.

லாரி பேக்கரை எல்லோருக்கும் தெரியும். கேரளத்துச் செங்கல் வீடுகளின் பேக்கர், அதற்கு முன் இமயமலை நகரமான பித்தோராகரில் பதினாறு ஆண்டு வாழ்ந்தவர். சீனாவில் போர்க்கால மருத்துவத் தொண்டு செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தார். 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளைச் சீர்செய்யும் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். 1948இல் டாக்டர் எலிசபெத்தை மணந்து, புதுமணத் தம்பதியாகப் பித்தோராகருக்குப் போனார்கள். வந்திருப்பவர் மருத்துவர் என்று தெரிந்ததும் வாசலில் நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பர்மிங்ஹாமில் படித்த இரும்பும் கான்கிரீட்டும் அந்த மலையில் உதவாது என்பதைப் பேக்கருக்குச் சொல்லித்தந்தவர்கள் அந்த ஊர்க் கல்தச்சர்கள். எந்தக் கல்லை எந்தப் பக்கம் வைத்தால் பனிக்காற்று உள்ளே வராது என்பதை அவர்களிடம்தான் படித்தார். தொண்டு செய்யப் போனவர் மாணவராகத் திரும்பிய கதை இது. பின்னாளில் நாம் அவரை ஆசான் என்று கொண்டாடினோம்.

தங்கினால்தான் தொண்டு, மற்றதெல்லாம் வேஷம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. குறுகிய காலத்துக்கு வந்தும் பெரும்பயன் தரலாம், ஊரில் இல்லாத ஒன்றைக் கையில் கொண்டுவந்தால். அதற்கும் கோடைக்கானலே சாட்சி. அங்கிருந்த வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்ததை 2001 மார்ச் மாதம் ஊர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் போராட்டத்துக்குச் சுவர் வண்ணமடிக்க ஆள் தேவைப்படவில்லை. மண்ணிலும் பாசியிலும் பாதரசம் எவ்வளவு என்று அளக்கும் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்தவரும், உலகப் பத்திரிகைகளுக்கு எடுத்துச் சொல்பவரும் தேவைப்பட்டார்கள். கேள்வி ஊருடையது, விடை தேடும் கருவி வெளியிலிருந்து வந்தது. இந்த வரிசை மாறக் கூடாது.

நம் சட்டம் இந்த விஷயத்தில் வேடிக்கையாக இருக்கிறது. சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர், ஊதியம் எதுவும் பெறாமல் அதிகபட்சம் ஒரு மாதம் தன்னார்வப் பணி செய்யலாம். அதாவது, ஒன்றுமே புரிந்துகொள்ள முடியாத கால அளவுக்கு அனுமதி எளிது. மொழி கற்று, ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு இருந்து உழைக்க விரும்புபவர்தான் விசா அலுவலகங்களின் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும். பாதுகாப்புக் காரணங்கள் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால், 1928இல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் படித்து, பிறகு சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் வேலை செய்து, இந்தியக் குடியுரிமை பெற்று, கோத்தகிரியில் வீடமைத்து அமைதிப் பணிக்கு இளைஞர்களைப் பயிற்றுவித்த மார்ஜரி சைக்ஸ் போன்ற ஒருவர் இன்று வந்தால், எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வெளிநாட்டாரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதும் சரியல்ல. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளே கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவதற்காகக் கோடை விடுமுறையில் இங்கே தொண்டு தேடி வருகிறார்கள். சென்னை மென்பொருள் நிறுவனங்களின் பேருந்துகள் சனிக்கிழமை காலையில் பழவேற்காட்டுக்கு வருகின்றன. கையுறை மாட்டி, கரையில் நெகிழிப் பையும் புட்டியும் பொறுக்கி, மூட்டை கட்டி, வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டு, மதியம் இறால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்கள் கட்டிவைத்த மூட்டையை எடுத்துப்போக வண்டி யார் அனுப்புவது என்பதை ஒருவரும் பேசியிருப்பதில்லை. மூட்டை கரையிலேயே இருக்கும். நாய் பிரிக்கும், காற்று பரப்பும். அடுத்த சனிக்கிழமைக் குழுவுக்கு வேலை தயார்.

இந்தப் பயணங்களால் போகிறவருக்கு நன்மை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபது வயதில் வேறொரு நாட்டு மலை நகரத்தில், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் வீட்டில் பத்து நாள் தங்கிய பிள்ளை, வீட்டுக்குத் திரும்பிக் குழாயைத் திறக்கும்போது கொஞ்சம் யோசிக்கும். நல்லது. அப்படியானால் அதற்குப் பெயர் கல்வி. கல்விக்குக் கட்டணம் உண்டு; கட்டணம் ஆசிரியருக்குப் போக வேண்டும். தங்க இடம் கொடுத்த வீட்டம்மாவும், நாற்றங்காலில் விதை பிரித்துக் காட்டியவரும், வலை பின்னச் சொல்லித்தந்தவரும்தான் இங்கே ஆசிரியர்கள். வெளிநாட்டில் இருக்கும் அலுவலகத்துக்குப் பெரும்பங்கும், சோறு போட்ட வீட்டுக்குச் சில நூறு ரூபாயும் என்ற இன்றைய பங்கீடு தலைகீழாக வேண்டும். வந்தவரும் உதவிவிட்டோம் என்ற பாரமில்லாமல், படித்துவிட்டோம் என்ற நன்றியோடு போகலாம்.

வருபவரை விசாரித்து உள்ளே விடுவது நம் மரபுக்கு விரோதம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். விருந்தோம்பல் வேறு, ஊர் நிர்வாகம் வேறு. பழவேற்காடு முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மீனவ ஊர்களில் பாடு முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. கழி நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். எந்த நாளில், எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். முறை இல்லாதவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அங்கே கழி நட முடியாது. இதில் குறையும் உண்டு. பெண்களுக்கும், தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் எடுக்கும் இருளர்களுக்கும் அந்தப் பங்கீட்டில் இடமில்லை. அந்த அநியாயத்தை மரபு என்று மெச்ச முடியாது. ஆனால், தன் தண்ணீரில் யார் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்க ஒரு ஊரால் முடியும் என்பதற்கு வெளியிலிருந்து பாடம் படிக்க வேண்டியதில்லை. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியபோது யாரும் நம்மைக் கேட்கவில்லை. இப்போது கேட்கச் சொல்லலாம்.

மலையிலும் அதற்கு முன்னுதாரணம் வந்துவிட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் போகும் வண்டிகள் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் மலையேற வேண்டும். எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை நாள், எங்கே தங்கல் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறோம். ஏரியில் படகு விடப் போகும் குடும்பத்திடம் இவ்வளவு விவரம் கேட்கும்போது, பள்ளிக்கூடத்துக்குள்ளும் குழந்தைகள் இல்லத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் போய் வேலை செய்யப்போகும் குழுவிடம் இன்னும் கூடுதலாகக் கேட்பதில் தவறென்ன?

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. இந்த வேலையைச் செய்ய ஊரில் ஆள் உண்டா? வண்ணமடிப்பவரோ கொத்தனாரோ இருந்தால், அவருக்குக் கூலி கொடுத்து அவரிடம் உதவியாளாக நில்லுங்கள். குழந்தைகளோடு வேலை என்றால் குறைந்தது ஒரு கல்வியாண்டு தங்குவீர்களா? இல்லையென்றால் பள்ளிக்குள் வேண்டாம், அனாதை இல்லத்துக்குள் எப்போதுமே வேண்டாம். மரம் நடுவதென்றால் எந்த மரம், எந்த நிலத்தில், மூன்று வருடம் தண்ணீர் ஊற்றப்போவது யார்? வசூலித்த கட்டணத்தில் ஊருக்குள் செலவானது எவ்வளவு என்று தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவீர்களா? இவற்றுக்கு நேரான பதில் சொல்பவர்கள் வரட்டும். சொல்ல முடியாதவர்கள் சுற்றுலாப் பயணிகளாக வரட்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஊரில் டீக்கடைக்காரருக்காவது நாலு காசு கிடைக்கும்.

எங்களுக்கு ஆள் தேவையில்லை என்பதும் இல்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்து ஏரி உப்பாகும்போதும், மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வந்து சேரும்போதும் உப்பின் அளவை ஏரியின் பல இடங்களில் வாராவாரம் அளந்து, ஐந்து ஆண்டுக் கணக்காக ஊரார் கையில் கொடுக்க யாராவது வேண்டும். அந்தக் கணக்கு இருந்தால் அதிகாரிகள் முன்னால் மீனவர்கள் பேசும் பேச்சுக்கு எடை கூடும். கருவியைக் கொண்டுவாருங்கள், எங்கள் பிள்ளைகள் நாலு பேருக்கு அதைச் சொல்லித்தாருங்கள், தமிழ் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வண்ணம் எங்களால் அடித்துக்கொள்ள முடியும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. தொண்டுக் குழுக்கள் ஊருக்குள் வேலை தொடங்கும் முன் சபையிடம் விவரம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு தீர்மானம் போதும். கொல்லிமலை, பழனி மலை ஊராட்சிகளும் ஏரிக்கரை ஊராட்சிகளும் வரும் கூட்டத்திலேயே அதைக் கொண்டுவர வேண்டும். கோடைக்கானல், ஊட்டி நகராட்சிகள் மன்றக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். உங்கள் ஊராட்சித் தலைவரிடம் இதைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள்.